மட்கும் கணக்கு

வில்லியம் ராத்ஜே மாயா நாகரிகத்தைப் படித்த தொல்லியலாளர். 1973-ல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அவர் தன் மாணவர்களை டூசான் நகர வீடுகளின் குப்பையைக் கிளற வைத்தார். செத்துப்போன ஊரின் உடைந்த பானையை வைத்து அந்த ஊர்க்காரர்கள் என்ன தின்றார்கள் என்று சொல்ல முடியுமென்றால், உயிரோடு இருக்கிற ஊரின் குப்பையை வைத்தும் சொல்ல முடியும்தானே? முடிந்தது. எவ்வளவு பீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டால் வீட்டுக்காரர் ஒரு கணக்குச் சொன்னார், குப்பையில் கிடந்த காலி டப்பாக்கள் வேறு கணக்குச் சொல்லின. 1987-லிருந்து அவருடைய குழு பெரிய குப்பைக் கிடங்குகளையே துளைபோட ஆரம்பித்தது. அந்த அனுபவங்களை கல்லன் மர்ஃபியுடன் சேர்ந்து 1992-ல் 'ரப்பிஷ்!' என்ற புத்தகமாக எழுதினார்.

புத்தகத்தின் மையத்தில் இருப்பது ஓர் அதிர்ச்சி. கிடங்குக்குள் போட்டது மட்கிவிடும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். தோண்டிப் பார்த்தால் பல பத்தாண்டுப் பழைய செய்தித்தாள்களை விரித்து வாசிக்க முடிந்தது. இறைச்சித் துண்டுகள் அடையாளம் தெரிகிற மாதிரியே கிடந்தன. காற்றும் தண்ணீரும் புகாமல் அழுத்தி மூடிவைத்த குப்பை, பாடம் செய்த உடலைப்போல அப்படியே இருந்தது. தண்ணீர் ஊறிய இடங்களில்தான் சிதைவு வேகமாக நடந்திருந்தது.

இந்தப் புத்தகத்தை இன்னொரு பிரதியோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த இரண்டாவது பிரதி ஓர் எக்ஸெல் கோப்பு. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. நிபுணர் குழுவான ஐபிசிசி, நாடுகள் தங்கள் பசுங்குடில் வாயுக் கணக்கை எழுதுவதற்காக 2006-ல் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. அதில் ஐந்தாம் தொகுதி கழிவுகளுக்கானது. அதோடு இலவசமாக வரும் கணக்குத்தாள்தான் உலகத்தின் பழைய குப்பை மேடுகளுக்கெல்லாம் கதை எழுதிக்கொண்டிருக்கிறது. ஒரு கிடங்கில் எப்போது எவ்வளவு கொட்டினார்கள், அதில் இன்னும் எவ்வளவு மட்காமல் இருக்கிறது, இந்த வருடம் எவ்வளவு மீத்தேன் வெளியேறும் என்று அது சொல்லும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப் போல சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதனால் இந்தக் கதையை யாரும் பொழுதுபோக்குக்காக வாசிப்பதில்லை. மேட்டை மூடுவதா, தோண்டுவதா, வாயுவைக் குழாய் போட்டு எடுப்பதா என்று முடிவெடுக்க வாசிக்கிறார்கள்.

ராத்ஜே தோண்டிப் பார்த்துச் சொன்னவர். எக்ஸெல் தோண்டாமல் சொல்வது. விமர்சகன் இரண்டிடமும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: உனக்கு எப்படித் தெரியும்?

ஒரே சமன்பாடு, இரண்டு குழிகள்

மாடலின் இதயம் ரொம்ப எளிமையானது. இன்றைக்கு மீதம் இருப்பதில் ஒரு குறிப்பிட்ட விகிதம் ஒவ்வொரு வருடமும் சிதையும். நிறைய இருந்தால் நிறையச் சிதையும், குறைவாக இருந்தால் குறைவாக. முழுசாகத் தீர்ந்துபோவது என்பதே கிடையாது, பாதியாகி, பாதியில் பாதியாகி, தேய்ந்துகொண்டே போகும். அந்த விகிதத்துக்கு 'கே' என்று ஓர் எழுத்து. கே பெரிதாக இருந்தால் சீக்கிரம் மட்கும், சிறிதாக இருந்தால் தாமதமாகும்.

இந்தச் சமன்பாட்டை நமக்கு ஏற்கெனவே தெரியும். சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரிக்கு கி.மு. 580 என்று காலம் சொன்னார்களே, அதைச் சொன்னதும் இதே சமன்பாடுதான். கரிமம்-14 என்ற அணு 5730 ஆண்டுகளில் பாதியாகும். மீதம் எவ்வளவு என்று அளந்தால் எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியும். 2019-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அந்த முடிவை வெளியிட்டபோது நம்மில் எத்தனை பேர் ஸ்டேட்டஸ் போட்டோம்! அந்த உற்சாகத்துக்கு அடியில் ஓர் அறிவியல் நம்பிக்கை இருந்தது. கரிமம்-14 சிதையும் வேகம் மழையால் மாறாது, வெயிலால் மாறாது, புதைந்தது வைகைக் கரையா நைல் கரையா என்பதால் மாறாது. வளிமண்டலத்தின் ஏற்ற இறக்கத்துக்காகத் திருத்தம் செய்ய வேண்டியிருக்கும், ஆனால் சிதைவின் விகிதம் மாறுவதில்லை. அங்கே கே இயற்கையின் மாறிலி.

அதே மாவட்டத்தில், காரைக்குடிக்கு வெளியே ஒரு குப்பை மேட்டில், அதே சமன்பாட்டை வைத்தால் என்ன ஆகும்? கணக்கு போடும். விடையும் வரும். ஆனால் அங்கே இருக்கிற கே மாறிலி என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிற வேறு ஆள். அதற்குள் மழை இருக்கிறது, வெயில் இருக்கிறது, கொட்டிய ஆழம் இருக்கிறது, மேலே மண் போட்டார்களா இல்லையா என்பது இருக்கிறது. ஓர் ஊர் முழுக்க ஒரே எழுத்துக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அணுவுக்குப் பொருந்தும் சமன்பாட்டைக் குப்பைக்குக் கடன் வாங்கியதில் தப்பில்லை. கடன் வாங்கும்போது அதன் நிச்சயத்தையும் சேர்த்து வாங்கிவிட்ட தோரணையில்தான் சிக்கல்.

ஆயிரம் மில்லிமீட்டர் கோடு

ஐபிசிசி இதை அறியாமல் இல்லை. உலகத்தைக் காலநிலைப்படி பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கே கொடுக்கிறது. வெப்பமண்டலத்தை இரண்டாகப் பிரிக்கிறது: ஆண்டு மழை 1000 மி.மீ.க்குக் குறைந்தால் உலர்ந்த பகுதி, கூடினால் ஈரமான பகுதி. உணவுக் கழிவுக்கு உலர்ந்த பகுதியில் கே 0.085, ஈரமான பகுதியில் 0.4. அதாவது ஒரு பக்கம் பாதி மட்க எட்டு வருடம், இன்னொரு பக்கம் இரண்டு வருடம்கூட ஆகாது.

சென்னைக்கு ஆண்டுச் சராசரி சுமார் 1400 மி.மீ. சந்தேகமில்லாமல் ஈரப் பட்டியல். சிவகங்கை மாவட்டத்தின் சராசரி 900-ஐ ஒட்டி இருக்கிறது. அதனால் காரைக்குடி உலர்ந்த பட்டியலில் விழும். வடகிழக்குப் பருவமழை கொஞ்சம் தாராளமாக இருக்கும் வருடத்தில் அதே ஊர் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும்.

இந்தக் கோடு எவ்வளவு பெரிய கோடு என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இருபது வருடத்துக்கு முன் கொட்டிய உணவுக் கழிவில் மட்கக்கூடிய பகுதி 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த கே போட்டால் இன்றைக்கு மீதி சுமார் 18 கிலோ. ஈரமான கே போட்டால் மீதி சுமார் 34 கிராம். ஒன்று இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் மேடு. மற்றது எப்போதோ அடங்கிப்போன மேடு. குப்பை ஒன்றே, வருடம் ஒன்றே. எக்ஸெல் தாளில் ஒரு கட்டத்தில் நாம் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

சராசரி இன்னொன்றையும் மறைக்கிறது. நம் பக்கத்து மழை வருடம் முழுக்கப் பரவிப் பெய்வதில்லை. பங்குனி, சித்திரையில் மேடு காய்ந்து மேலே தூசி பறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதே மேட்டின் அடியிலிருந்து கறுப்பு நீர் வடியும். மட்குதல் என்பது பூஞ்சையும் பாக்டீரியாவும் செய்கிற வேலை. அவை தண்ணீர் வந்தால் விழித்துக்கொள்ளும், காய்ந்தால் படுத்துவிடும். மாடலின் கடிகாரம் வருடத்துக்கு ஒருமுறைதான் அடிக்கிறது.

இதை ஐபிசிசி மீதான குற்றப்பத்திரிகையாக வாசிக்க வேண்டாம். அந்தந்த நாடு, முடிந்தால் அந்தந்தக் கிடங்கு, தன் கே-யை அளந்து போடுவதே நல்லது என்று வழிகாட்டியே சொல்கிறது. அளக்க முடியாதவர்களுக்குத்தான் அட்டவணை. நடைமுறையில் அட்டவணையே வேதமாகிவிடுகிறது. நாவலின் பின்னட்டைக் குறிப்பை வைத்து விமர்சனம் எழுதுவது மாதிரி.

ஊசுதல், அழுகல், உளுத்தல்

பழைய மாடல்களில் மொத்தக் குப்பைக்கும் ஒரே கே போடுவது வழக்கம். இன்றும் பொருள்வாரி விவரம் இல்லாதவர்கள் அப்படித்தான் போடுகிறார்கள். விவரம் இருந்தால் பொருளுக்குப் பொருள் வேறு கே போடலாம். உலர்ந்த வெப்பமண்டலத்தில் உணவுக்கு 0.085, தோட்டக் கழிவுக்கு 0.065, காகிதத்துக்கும் துணிக்கும் 0.045, மரத்துக்கு 0.025. மரத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 28 வருடம்.

இந்த அட்டவணையைப் பார்த்தபோது தமிழ் இதை எப்போதோ போட்டுவிட்டது என்று தோன்றியது. நம் வீட்டுப் பேச்சில் எல்லாம் ஒரே மாதிரி கெட்டுப்போவதில்லை. சோறு ஊசிப்போகும். தக்காளி அழுகும். அப்பளம் நமத்துப்போகும். இலை மட்கும். துணி நைந்துபோகும். ஏடு செல்லரிக்கும். கயிறு இற்றுப்போகும். உத்திரம் உளுத்துப்போகும். இரும்பு துருப்பிடிக்கும். ஒவ்வொரு வினைச்சொல்லுக்குள்ளும் ஒரு வேகம் இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது. காற்றா, ஈரமா, பூச்சியா, உபயோகமா என்று அந்தச் சொல்லே சொல்லிவிடும். "ஊசிப்போச்சு" என்றால் நேற்று வைத்தது. "உளுத்துப்போச்சு" என்றால் தாத்தா காலத்தில் வைத்தது.

பிளாஸ்டிக்குக்கு மட்டும் நம்மிடம் வினைச்சொல் இல்லை. 'மக்காத குப்பை' என்று எதிர்மறையில் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். மாடலும் அதையே செய்கிறது. பிளாஸ்டிக்கின் மட்கும் கரிமம் பூஜ்யம். மீத்தேன் கதையில் அதற்கு வசனமே இல்லை. ஆனால் நம் ஊர் மேட்டை எட்டிப் பார்த்தால் கண்ணில் படுவது அதுதான். கதாபாத்திரமாக இல்லாத ஒன்று மேடையை நிறைத்துக்கொண்டு நிற்கிறது.

மரத்துக்கு வருவோம். செட்டிநாட்டு வீடுகள் மட்குதலுக்கு எதிராகக் கட்டப்பட்டவை. பர்மாத் தேக்கில் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சில் சுவர். வீடு பிரிக்கப்பட்டாலும் அந்தத் தேக்கு குப்பைக்குப் போவதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் நிலைக்கதவாகவும் உத்திரமாகவும் சாய்ந்து நிற்கும், அங்கிருந்து எங்கோ ஒரு ரிசார்ட்டுக்குப் போகும். ஐபிசிசி 2019-ல் வெளியிட்ட திருத்தம், மரத்தின் கரிமத்தில் கிடங்குக்குள் சிதைவது பத்தில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நம் ஊரில் அதற்கும் முன்பே ஒரு விதி வேலை செய்கிறது: விலை இருப்பது மட்காது. ஏனென்றால் அது மேடு வரைக்கும் வருவதே இல்லை.

1950-லிருந்து ஒரு முன்கதை

எக்ஸெல் தாள் 1950-ல் தொடங்குகிறது. அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் எவ்வளவு கொட்டினோம் என்று கேட்கிறது. அப்போது எந்த ஊரில் எடைமேடை இருந்தது? அதனால் மக்கள்தொகையை எடுத்து, தலைக்கு இத்தனை கிலோ என்று பெருக்கி, முன்கதையை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. நாவலாசிரியர்கள் செய்கிற வேலைதான்.

இந்த உத்தி செட்டிநாட்டில் தடுமாறும். இங்கே ஒரு தெருவில் இருக்கும் வீட்டுக்கும் அதில் இருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இருக்காது. பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன காலத்திலும் சரி, சென்னை, சிங்கப்பூர் என்று குடிபெயர்ந்த பிறகும் சரி, பெரிய வீடுகள் வருடத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஒரு கல்யாணம், ஒரு கோயில் படைப்பு என்றால் அதே வீட்டில் நூற்றுக்கணக்கில் இலை விழும். குப்பை இங்கே தலைக்கணக்கில் வருவதைவிட நாள்காட்டிக் கணக்கில்தான் வருகிறது. முகூர்த்த நாள் இருக்கும் மாதத்தின் குப்பையும் இல்லாத மாதத்தின் குப்பையும் வேறு வேறு. எடையில் மட்டும் இல்லை, ஈரத்திலும்.

ராத்ஜேயின் முறையும் இங்கே அப்படியே செல்லாது. அவருக்குக் கடிகாரமாக இருந்தது செய்தித்தாள். எந்தத் தேதிப் பேப்பர் கிடக்கிறதோ அந்த அடுக்குக்கு அந்த வயது. நம் ஊரில் செய்தித்தாள் கிடங்குக்குப் போவதற்கு முன்னால் எத்தனை கைகளைத் தாண்ட வேண்டும்! பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகும், வடைக்குக் கீழே எண்ணெய் உறிஞ்சும், அலமாரித் தட்டில் விரிப்பாகும். மீந்ததையும் குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்கள் எடுத்துவிடுவார்கள். நம் மேடுகளைத் தோண்டும் எதிர்காலத் தொல்லியலாளருக்குக் காலம் சொல்லப்போவது ஷாம்பு பாக்கெட்தான். விலையும் தயாரித்த தேதியும் அச்சடித்த, மட்காத ஓட்டுச் சில்லு. அந்தச் சின்னப் பாக்கெட்டின் கதை தொடங்கியதும் கடலூரில்தான் என்பதால், அதையும் தமிழ்நாட்டின் பெருமையில் சேர்த்துக்கொள்ளலாம்!

'ரப்பிஷ்!' புத்தகத்தின் குறையும் இங்கேதான். அது மூடி அழுத்திய அமெரிக்கக் கிடங்குகளைப் பற்றியது. மாடு மேயும், ஆடு கிளறும், வெயிலில் தீப்பிடிக்கும், ஆட்கள் பிரித்தெடுத்துப் பிழைக்கும் திறந்த மேடுகள் அதில் இல்லை. ராத்ஜே தோண்டிய குப்பை உறங்கிக்கொண்டிருந்தது. நம்முடையது நடமாடிக்கொண்டிருக்கிறது.

கணக்குக்கு வெளியே எரிவது

2022 ஏப்ரல் கடைசியில் சென்னை பெருங்குடிக் கிடங்கில் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல் பல பத்தாண்டுகளாகக் கொட்டிய மேடு அது. அடுத்த வருடம் மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் கிட்டத்தட்ட இரண்டு வாரம் புகை. எரிந்த குப்பை மட்காது, மட்காத குப்பை மீத்தேன் தராது. ஆக, தீ வைத்தால் மாடல் பார்வையில் மேடு நல்ல பிள்ளையாகிவிடுமா? வழிகாட்டியில் திறந்தவெளி எரிப்புக்குத் தனி அத்தியாயம் உண்டு. ஆனால் எவ்வளவு எரிந்தது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். புகையை யார் எடைபோட்டார்கள்?

2022-ல் செயற்கைக்கோள் தரவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. டெல்லி, மும்பை, லாகூர், பியூனஸ் அயர்ஸ் நகரங்களின் மீத்தேனை மேலிருந்து அளந்தார்கள். வழக்கமான கணக்கேடுகள் சொன்னதைப்போல 1.4 முதல் 2.6 மடங்கு வரை இருந்தது. மாடலை எழுதியவர்கள் பொய் சொன்னதாக இதற்கு அர்த்தமில்லை. பிரதியும் உலகமும் பொருந்தாத இடம் எது என்று தெரிந்துவிட்டது. விமர்சனம் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

கேட்காத கேள்விக்கு மாடல் பதில் சொல்லாது என்பதற்கு இலங்கையில் ஓர் உதாரணம். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பை மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரு மேட்டின் மீத்தேனைத் துல்லியமாகச் சொல்லும் மாடலுக்கும் அதன் சரிவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்கு வேறு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் போடச் சொல்லி யாராவது கேட்டிருக்க வேண்டும்.

எழுத்தாளர்கள் இந்த இடத்தில் வேறு பக்கமிருந்து வந்தவர்கள். தகழியின் 'தோட்டியின் மகன்' சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்து, கழிவை அள்ளும் மனிதனை நமக்குக் காட்டியது. அங்கே மனிதன் இருந்தான், கழிவுக்குள் என்ன நடக்கிறது என்பது இல்லை. எக்ஸெலில் கழிவுக்குள் நடப்பது இருக்கிறது, மேலே நிற்கும் மனிதன் இல்லை. இரண்டு பிரதிகளும் ஒன்றை ஒன்று வாசித்ததே இல்லை.

யார் கையில் சல்லடை

சரி, இதெல்லாம் ஒரு ஊருக்கு ஏன் முக்கியம்? 2021-ல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டம், நகரங்களின் பழைய குப்பை மேடுகளை அகற்றுவதை இலக்காக வைத்தது. பயோமைனிங் என்று எல்லா ஊரிலும் கேள்விப்படுகிறோமே, அதுதான். மேட்டைத் தோண்டி, உலர்த்தி, சுழலும் சல்லடையில் சலித்து, எரியக்கூடியதை சிமென்ட் ஆலைக்கும், அடியில் விழும் மண் போன்ற தூளை நிரப்பவோ உரமாகவோ அனுப்புவது. காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துக்கொண்டு வளரும் நகரத்துக்குப் பழைய மேடு என்பது நாளைய இடம்.

தோண்டலாம் என்ற முடிவுக்குப் பின்னால், இது மட்கி அடங்கிவிட்டது என்ற அனுமானம் இருக்கிறது. 34 கிராம் மீதி என்று நம்பித் தோண்டினால் ஒரு மாதிரி. 18 கிலோ மீதி இருக்கும்போது தோண்டினால் நாற்றம், வாயு, தீ, வயலுக்குப் போகும் தூளின் தரம் எல்லாமே வேறு. சல்லடைக்குப் பக்கத்தில் நிற்கப்போகிற தொழிலாளிக்கு 0.085-க்கும் 0.4-க்கும் உள்ள வித்தியாசம் மூக்கிலும் நுரையீரலிலும் தெரியும்.

இத்தனைக்கும் காரைக்குடியின் கே-யைக் கண்டுபிடிக்க ராக்கெட் தேவையில்லை. சூழலியல் மாணவர்கள் இலைச்சருகு மட்குவதை அளக்க ஒரு பழைய வழி வைத்திருக்கிறார்கள். நைலான் வலைப் பையில் எடைபோட்ட சருகைக் கட்டிப் புதைத்து, மாதாமாதம் ஒரு பையை எடுத்து, காயவைத்து மறுபடி எடை பார்ப்பார்கள். அதையே கிடங்கின் வெவ்வேறு ஆழங்களில், வாழை இலையையும் சோற்றையும் துணியையும் வைத்து, இரண்டு பருவமழைக்குச் செய்தால் ஊரின் சொந்த எண் கையில் வரும். ஆழத்தில் காற்றில்லாமல் நடப்பதை இது முழுசாகப் பிடிக்காது. ஆனாலும் யாரோ வரைந்த 1000 மி.மீ. கோட்டைவிட இது நம்மைப் பற்றி அதிகம் சொல்லும். இரும்பு துருப்பிடிப்பதை ஆராய இதே ஊரில் அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து, 1953-லிருந்து ஒரு தேசிய மின்வேதியியல் ஆய்வகமே இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது. எச்சில் இலை மட்குவதை ஆராய ஒரு தராசு கிடைக்காதா?

'ரப்பிஷ்!' நல்ல புத்தகம். நம்புவதைத் தோண்டிப் பார் என்று சொன்னதற்காகவே வாசிக்கலாம். ஐபிசிசி கணக்குத்தாளும், குறைகளோடு சேர்த்து, நேர்மையான பிரதிதான். தன் அனுமானங்களை ஒவ்வொரு கட்டத்திலும் திறந்து வைத்திருக்கிறது, மாற்றிக்கொள் என்று இடம் விட்டிருக்கிறது. மாற்றாமல் விட்டது நாம். இனி உங்கள் ஊர்க் குப்பை மேட்டைப் பற்றி ஓர் அறிக்கை வந்தால், அதன் முடிவுரைக்குப் போவதற்கு முன் கே-க்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது, அதை யார் அளந்தார்கள் என்று கேளுங்கள்.